முறைசாராவா, முறையற்றதா?

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு கருத்தரங்கு. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: "இலத்திரனியல் கழிவு மீள்சுழற்சியில் முறையற்ற தொழிலாளர்களை உள்வாங்குதல்". எனக்குப் பக்கத்தில் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த பழைய இரும்பு யாவாரி ஒருவர் இருந்தார். அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அண்ணை, முறையற்ற ஆக்கள் எண்டு போட்டிருக்கு. எங்களையோ சொல்லினம்?" என்று கேட்டார். தேநீருக்குப் பிறகு அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. 'இன்போர்மல்' என்ற ஆங்கிலச் சொல்லை 'முறையற்ற' என்று பெயர்க்கும் இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ தரம் பொறுத்துவிட்டேன். இனி முடியாது.

அந்த மூலச்சொல்லின் வேர் இலத்தீன். அதில் 'போர்மா' என்றால் வடிவம், அச்சு. தொழிலோடு இதைப் பொருத்தியவர் கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர். கானாவின் தலைநகர் அக்ராவில் சிறுதொழில் செய்து பிழைத்தவர்களைப் பற்றி 1971இல் அவர் பேசினார். அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் கென்யா அறிக்கை சொல்லைப் பரப்பியது. பதிவு, நியமனக் கடிதம், சேமலாப நிதி ஆகியவற்றுக்கு வெளியே நடக்கும் உழைப்பு என்பதுதான் பொருள். (பழைய கணினி உடைப்பதற்குப் பின்னாளில் உலகறிந்த அக்பொக்புலோசி என்ற இடமும் அதே அக்ராவில்தான் இருந்தது.)

தமிழில் 'முறை' பாரமான சொல். "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்ற குறளில் அது நீதி. எங்கள் ஊரில் பொலிசில் கொடுப்பது முறைப்பாடு. மாமன், மச்சான் என்று கூப்பிடுவதும் முறை. ஆகவே 'முறையற்ற' என்றால் நீதியில்லாத, தகாத என்றுதான் காதில் விழும். வயர் களவுபோனால் முதலில் சந்தேகப்படுவது பழைய இரும்பு எடுக்கிறவரை. அவரைக் கூட்டத்துக்கு அழைத்து, தலைக்குமேல் அந்தச் சொல்லைத் தொங்கவிடலாமா? சிங்களத்தில் இதற்கு 'அவிதிமத்' என்கிறார்கள். விதிமத் என்றால் முறையான. அங்கிருந்து அப்படியே பெயர்த்ததால் வந்த வினையாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் பிழை பிழைதான்.

'முறைசாரா' அப்படியல்ல. ஒரு முறைமையைச் சார்ந்து நிற்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஆளின் நடத்தையைத் தொடுவதில்லை.

தமிழ்நாட்டார் 'அமைப்புசாரா' என்பார்கள். அங்கே நலவாரியமே அந்தப் பெயரில் உண்டு. ஆனால் அது அணிதிரளாத தொழிலாளரைக் குறிக்க வந்த சொல். பழைய சாமான் எடுக்கிற பத்துப் பேர் மாங்குளத்தில் ஒரு சங்கம் தொடங்கினால் அன்றைக்கே அமைப்பு வந்துவிடும். பதிவும் சேமலாப நிதியும் வராது. அவர்கள் முறைசாராதவர்களாகவே இருப்பார்கள். தவிர, வன்னியில் 'அமைப்பு' என்றால் வாகனத்தில் வந்து படிவம் நிரப்புகிற தொண்டு நிறுவனம். 'பதிவற்ற' என்றும் சிலர் எழுதுகிறார்கள். வியாபாரப் பதிவு வைத்திருக்கும் யாவாரியிடம் நாட்கூலிக்கு மொனிட்டர் உடைக்கும் பொடியனுக்கு அது பொருந்தாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்கக் காரணம் உண்டு. வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதை முறையற்ற செயல் என்றால் ஒப்புக்கொள்வேன். வயரின் பீவீசீ பிளாஸ்ரிக் தோல் எரியும் புகையில் டயொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. பழைய ரீவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கொளுத்தாமல் தோலை உரித்தெடுக்கலாம். போர்ட்டையும் பற்றரியையும் உடைக்காமல், அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு நியாயமான விலைக்குக் கொடுக்கலாம். வீடு வீடாகப் போய்ச் சேர்க்கும் வேலை மட்டும் அவர்களிடமே இருக்கவேண்டும். அதை அவர்களைப்போல வேறு யாரும் செய்யமாட்டார்கள். 2022இல் உலகில் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6.2 கோடி தொன். அதில் முறைசார்ந்த வழியில் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம். இந்த இடத்தில் 'முறையற்ற' என்று போட்டால் செய்கிற ஆளும் செய்கிற விதமும் ஒரே குற்றமாகிவிடும். எதை மாற்றவேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

'உள்வாங்குதல்' இன்னொரு தலையிடி. கடல் உள்வாங்குவதைத்தான் முல்லைத்தீவில் அப்படிச் சொல்வார்கள். 'சேர்த்துக்கொள்ளுதல்' என்ற நல்ல தமிழுக்கு என்ன குறை?

அறிக்கையிலும் சட்டத்திலும் 'முறைசாராத் தொழிலாளர்' என்று எழுதுங்கள். அழைப்பிதழில் அதுவும் வேண்டாம். ஏற்பாட்டாளரிடம் நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வரி இது: "பழைய ரீவி, போன், வயர் எடுக்கிறவர்களுக்கும் உடைக்கிறவர்களுக்கும்: கொளுத்தாமல் செம்பு எடுப்பது எப்படி?"