அறுத்தும் ஆறாத மார்புக்கட்டி

மஞ்சப்பையிலிருந்து ஐந்து மருந்துச் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார் அந்தப் பெண். முப்பது வயதுக்கு மேல், திருத்துறைப்பூண்டிப் பக்கம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கடைசிப் பிள்ளைக்குப் பால் நிறுத்தி ஒன்றரை வருடம். வலது மார்பில் மூன்று தழும்புகள், நான்காவதாக ஓர் இடத்தில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்திருந்தார். "நடவுக்குக் குனிஞ்சா நனைஞ்சிடுது டாக்டரம்மா. கூட நடுறவங்க பாத்துடக் கூடாதுன்னு ரெண்டு துணி எடுத்துட்டுப் போவேன்."

மூன்று முறை கீறிச் சீழ் எடுத்திருக்கிறார்கள். ஐந்து சீட்டிலும் ஆன்டிபயாடிக். பையில் இல்லாதது ஒரு தாள்தான்: சதைப் பரிசோதனை ரிப்போர்ட்.

பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயிற்சிக் காலத்தில் நானும் மார்புக்கட்டியைக் கீறி, சீழைக் கிண்ணத்தில் பிடித்து, அப்படியே கொட்டியிருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு வரும் சாதாரணச் சீழ்க்கட்டி சரியான மருந்தில் சில வாரத்தில் ஆறிவிடும் என்பதால் அப்போது அது தவறாகத் தெரியவில்லை. ஆனால் பால் நிறுத்திய பிறகு, அதே மார்பில், இரண்டாவது முறை வந்தால் அதைச் சாதாரணக் கட்டி என்று நம்பவே கூடாது.

இப்படித் திரும்பத் திரும்ப வருவதில் அடிக்கடி பார்ப்பது கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற, புற்று அல்லாத மார்பு அழற்சி. 1972இல்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக விவரித்தது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் வரும். கட்டி கல் மாதிரி இருக்கும், காம்பு உள்ளே இழுக்கும், அக்குளில் நெறி கட்டும். பார்த்தால் புற்று மாதிரியே இருக்கும். ஸ்கேனும் மேமோகிராமும்கூடப் பல நேரம் பிரித்துச் சொல்லாது. பெரிய ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "ஊசி குத்தினா பரவிடுமாமே" என்று மாமியார்கள் கேட்பார்கள். அந்த ஊசியால் பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பயந்து தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

துணுக்கில் காசநோயையும் தேட வேண்டும். மார்பிலும் காசநோய் வரும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனையில் கிருமி தெரியவில்லை என்பதாலேயே காசநோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மார்பில் கிருமிகள் குறைவாகவே இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸுக்குக் கொடுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைக் காசநோய்க்காரருக்குத் தனியாகக் கொடுத்தால் கிருமிக்கு வழி திறந்துவிட்டது போலாகும். காசநோய் என்றே உறுதியானால் அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், வழக்கமாக ஆறு மாதம்.

சரி, நோயின் பெயர் தெரிந்த பிறகும் ஏன் திரும்புகிறது? நான் அதிகம் பார்க்கும் காரணம், கட்டி பாதி கரைந்ததுமே ஸ்டீராய்டை நிறுத்திவிடுவது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டித் தானே வாங்கிப் போடுவது அதைவிட மோசம். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருப்பதுகூடத் தெரியாது. அப்புறம் கோரினிபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று. கொழுப்பில் வாழும், மெதுவாக வளரும். லேபில் கிருமி வளர்க்கும் தட்டை இரண்டு நாளில் தூக்கிப் போட்டால் அது கண்ணில் படாது, பட்டாலும் தோல் அழுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் சீழ் அனுப்பும்போதே கூடுதல் நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிடுவேன். இந்தக் கிருமி இருந்தால் கொழுப்புக்குள் ஊடுருவும் டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் உதவும். சிலருக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருக்கும். வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மாத்திரைகளே அதைக் கூட்டும். அதனால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்வேன்.

காம்பைச் சுற்றியே திரும்பத் திரும்ப உடைகிறதென்றால் கதை வேறு. அங்கே பால்குழாய் அடைத்திருக்கும். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும், நம் பக்கம் புகைக்காத பெண்களுக்கும் பார்க்கிறோம். பழுதான குழாயை எடுக்காமல் சீழை மட்டும் எடுத்தால் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெண்ணுக்குக் காசநோயும் இல்லை, புற்றும் இல்லை. மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. போன முறை வந்தபோது ரவிக்கைக்குள் துணி இல்லை. "இனி மாத்திரைய நிறுத்திடலாமா டாக்டரம்மா?" என்றார். இன்னும் ஆறு வாரம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சீட்டைப் பையில் வைத்தார்.