செத்தவீட்டில் சொல்லும் ‘தெய்வக் குற்றம்’

வன்னியில் உளவளத்துணைக்கு வருபவர்கள் முதல் சந்திப்பில் கடவுளைப் பற்றிக் கதைப்பது குறைவு. நித்திரை இல்லை, தலையிடி, நெஞ்சு படபடப்பு என்றுதான் தொடங்குவார்கள். ஓரளவு நம்பிக்கை வந்த பிறகே, “அம்மாளின்ர கோபம் இன்னும் தீரேல்லை” என்றோ “ஆண்டவர் எங்களைத் தண்டிச்சிட்டார்” என்றோ வாய்விட்டு வரும். விசாரித்துப் பார்த்தால் அந்த வசனம் பெரும்பாலும் வேறொருவர் கொடுத்ததாக இருக்கும். குறி சொன்னவர், செத்தவீட்டுக்கு வந்த உறவு, சிலவேளை பிரசங்க மேடையில் நின்றவர்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் இப்படிச் சொன்னார்கள். 2009இல் முடிந்த போருக்குப் பிறகும் சொன்னார்கள். முல்லைத்தீவுக் கடல் ஊருக்குள் வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியதால். முள்ளிவாய்க்காலில் விழுந்தவை மனிதர் ஏவிய எறிகணைகள். இரண்டையும் கடவுளின் கணக்கில் எழுதினால் பிள்ளையை இழந்த தாய் குற்றவாளி ஆகிறாள், பொறுப்புக்கூற வேண்டியவர்கள் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறார்கள்.

கோபமும் நன்மையும் ஒரே கடவுளிடம் எப்படி இருக்க முடியும் என்பது பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறார்: இறைவனின் நிக்கிரகமும் (தண்டித்து அடக்குவதும்) நேசத்தால் வருவதே, சொல்வழி கேளாத பிள்ளையைப் பெற்றோர் வளாரினால், அதாவது மெல்லிய கம்பால், அடிப்பதிலும் பரிவுதான் இருக்கிறது. தண்டனை வடிவில் வரும் இந்தக் கருணையைச் சைவர்கள் மறக்கருணை என்பார்கள். அதே நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ், கோபம் என்ற உணர்ச்சி கடவுளுக்குள் எழுவதில்லை, தண்டிப்பது கோபக்காரர் செய்யும் செயலைப் போலிருப்பதால் அந்தச் சொல்லை அவருக்கு ஏற்றிச் சொல்கிறோம் என்றார். இறைவனின் கருணை அவனது கோபத்தை மிஞ்சியது என்பது நபிமொழி. மூன்று இடத்திலும் கோபம் நன்மைக்குக் கீழ்ப்பட்டே நிற்கிறது.

ஆனால் மறக்கருணை ஒருவர் தன் வாழ்வைத் தானே திரும்பிப் பார்க்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது. மற்றவரின் துயரத்துக்கு விளக்கமாக அதை நீட்டக்கூடாது. அடிவாங்கி வளர்ந்தவரிடமோ, கணவனின் அடியோடு வாழ்பவரிடமோ வளார் உவமையைச் சொன்னால், அடிக்கிறவனுக்குத் தெய்வச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். ‘கன்மம்’ (முன்வினை) என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. இன்னொருவரின் கன்மக் கணக்கை வாசிக்கும் தகுதி நமக்கு யார் தந்தது?

வன்னியில் அம்மாளின் கோபம் என்றால் வற்றாப்பளைதான் மனதில் வரும். உப்புத்தண்ணீரில் விளக்கெரித்து வைகாசிப் பொங்கல் நடக்கும், நந்திக்கடல் கரையில் உள்ள கண்ணகை அம்மன் கோயில். கண்ணகியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற அரச நீதிமேல் எழுந்தது அவள் கோபம். மதுரையை எரிக்க ஏவும்போதும் தீக்கு ஒரு விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: அறவோர், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கம் சேர் என்கிறாள். பங்கரில் செத்த குழந்தையை அம்மாளின் கோபத்தில் சேர்ப்பவர், அம்மாளின் கதையையே தலைகீழாக்குகிறார்.

கிறிஸ்தவர்களுக்கு, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் கதை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அதுவரை ஒரு பிழையுமில்லை. பிறகு “நீ பாவம் செய்திருப்பாய்” என்று விளக்கத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் எரிவது அந்த விளக்கக்காரர்கள்மேல்தான். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்கிறார். அடுத்த வரியில் மனந்திரும்பச் சொல்வதும் உண்மை. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற உயிரோடிருப்பவர்களுக்குத்தான் சொல்கிறார்.

கடவுள்மேல் கோபப்படுகிறவரையும் அடக்க வேண்டாம். திருக்கேதீச்சரத்தைப் பாடிய அதே சுந்தரர்தான் கண்ணிழந்து திருவாரூரில் நின்று ‘வாழ்ந்து போதீரே’ என்று சிவனை ஏசியவர். அது தேவாரமாகவே ஓதப்படுகிறது.

இனிச் செய்முறை. “இது தண்டனை” என்று ஒருவர் சொன்னால் உடனே மறுக்காதீர்கள். மறுத்தால் வாயை மூடிவிடுவார். “அப்பிடி ஆரம்மா சொன்னது?” என்று கேளுங்கள். பிறகு, “எதுக்காகத் தண்டனை எண்டு நினைக்கிறியள்?” இங்கேதான் உண்மையான பாரம் வெளிவரும்: இடம்பெயர்வில் விட்டுவிட்டு வந்த தகப்பன், தண்ணீர் எடுக்க அனுப்பிய மகன். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன வழி இருந்தது என்பதை அவரே சொல்ல விடுங்கள். “உங்களில ஒரு பிழையுமில்லை” என்ற அவசரத் தீர்ப்பு நிற்காது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வந்தால் தனியே விடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. ஐயரிடமோ ஃபாதரிடமோ அனுப்புவதாக இருந்தால், அவர் என்ன சொல்வார் என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி வையுங்கள்.

பக்தி போலத் தெரியும் ஒரு நோயும் இருக்கிறது. செபத்தில் ஒரு சொல் பிசகிவிட்டது என்று திரும்பத் திரும்பத் தொடங்குவது, ஒரே பாவத்தை மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவது, கும்பிடும்போது கெட்ட நினைவு வந்ததற்காகப் பரிகாரத்துக்கு மேல் பரிகாரம் செய்வது. ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதில் போனாலோ வீட்டுவேலை, தொழில் குழம்பினாலோ அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். மருந்தும், பரிகாரத்தைச் செய்யாமல் அச்சத்தைத் தாங்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. “கடவுள் கோபிக்கமாட்டார்” என்று ஒவ்வொரு முறையும் உறுதி கொடுப்பது நோயை வளர்க்கும், ஏனென்றால் அந்த உறுதியே புதிய பரிகாரமாகிவிடும்.

கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால் ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாள் கோபிப்பா’ என்று வீட்டில் வைத்திருப்பது இன்னும் நிற்கவில்லை. வேப்பிலை கட்டுங்கள், விளக்கும் வையுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, மூச்சு இழுப்பவர் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

சிறுபிள்ளைகளிடம் “நல்ல ஆக்களைக் கடவுள் கெதியாக் கூப்பிட்டிடுவார்” என்று சொல்லவேண்டாம். நல்ல பிள்ளையாக இருக்கப் பயப்படும். “அப்பா செத்திட்டார், இனி வரமாட்டார். நீ செய்த ஒண்டாலயும் அது நடக்கேல்லை” என்பது போதும். அடுத்த கிழமையும் அதே கேள்வி வரும். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள்.