தண்டவாளம் அகலமானால் சக்கரம் என்ன செய்யும்?

சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ரயிலிலேயே போய்விட முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2021 டிசம்பரில் லாவோஸ்-சீனா பாதை திறந்ததிலிருந்தே இந்தக் கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பாதை இருக்கிறது. விசா, போர், கொரோனாவில் நின்றுபோன பெய்ஜிங்-மாஸ்கோ வண்டி எல்லாம் தனித் தலைவலி. எனக்குப் பிடித்த தலைவலி தண்டவாளத்தின் அகலம்.

மலேசியா, தாய்லாந்தில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மி.மீ. சீனாவில் 1,435 மி.மீ. மங்கோலியாவிலும் ரஷ்யாவிலும் 1,520. போலந்துக்குள் நுழைந்தால் மறுபடி 1,435. எதிரி ரயிலில் வந்துவிடக் கூடாது என்றுதான் ரஷ்யா அகலத்தைக் கூட்டியது என்று ஒரு கதை உண்டு, நம்பாதீர்கள். விஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஐந்தடி போதும் என்று சொன்னதில் வந்தது அது.

1,435-க்கும் 1,520-க்கும் வித்தியாசம் 85 மி.மீ., கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டின் நீளம். இதற்காக சீன எல்லையில் எரென்ஹாட் ஊரில் ரயிலைக் கொட்டகைக்குள் தள்ளி, பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் போகியை மாற்றுவார்கள். (நாம் பெட்டியையே போகி என்கிறோம். உண்மையில் போகி என்பது அடியில் இருக்கும் சக்கர வண்டிதான்.) மணிக்கணக்கில் ஆகும்.

ஸ்பெயினின் டால்கோ ரயில் இதை ஓடிக்கொண்டே செய்கிறது! 1969-லேயே பார்சிலோனா-ஜெனீவா வண்டியில் வந்துவிட்டது, 2016-இல் மாஸ்கோ-பெர்லின் வண்டிக்கும் வந்தது. சாதாரண ரயிலில் இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு இறுக்கிப் பிடித்திருக்கும், நகர்த்தவே முடியாது. டால்கோவில் அந்த அச்சு கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் தனி ஆள். அகலம் மாற்றும் மேடைக்குள் வண்டி மெதுவாக, சைக்கிள் வேகத்தில் நுழையும். பக்கவாட்டுத் தாங்கிகள் மேல் பெட்டி வழுக்கிக்கொண்டே போக, உரசல் குறைய அங்கே தண்ணீர் விட, பாரம் முழுக்க அவற்றின் மேல் இறங்கிவிடும். சக்கரங்கள் சும்மா தொங்கும். அந்த நேரம் பார்த்துக் கீழே இருக்கும் வழிகாட்டிக் கம்பி, சக்கரத்தை நகராமல் பிடித்திருக்கும் பூட்டைக் கீழே இழுத்துத் திறக்கும். சாய்வாக அமைந்த இன்னொரு கம்பி சக்கரத்தைத் தள்ளும், 85 மி.மீ. வித்தியாசத்துக்கு ஒவ்வொரு சக்கரமும் நாலு சென்டிமீட்டர் சொச்சம். பூட்டு மேலேறிக் கிளிக்கென்று விழும், சக்கரம் மறுபடி பாரம் தாங்கும். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, கணினி இல்லை. வண்டி நகர்வதே வேலையைச் செய்துவிடுகிறது.

புல்லட் ரயில் என்றால் ரிப்பன் வெட்ட ஆள் வருகிறார்கள், சக்கரப் பூட்டு ஆராய்ச்சிக்கு யார் காசு தருவார்கள் என்பது என் நெடுநாள் புலம்பல்.

சரி, நம்ம பக்கம்? 1964 புயல் தனுஷ்கோடியை அடித்துப்போகும் வரை போட் மெயில் ஓடியது: எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் அகலப்பாதை. இன்று ராமேஸ்வரம் பாதையும் 1,676 மி.மீ., தலைமன்னார் பாதையும் 1,676. டால்கோவே வேண்டாம், இடையில் கடல்தான்.