பைகேட்ச்: தற்செயல் பிடிப்பா, உடன்பிடிப்பா?

கடற்பறவைப் பாதுகாப்பு பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பைகேட்ச் என்பதைத் ‘தற்செயல் பிடிப்பு’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். பை என்றால் பக்கம், உடன். கேட்ச் என்றால் பிடித்தது. குறிவைத்த மீனோடு சேர்ந்து அகப்படும் மற்ற உயிர்கள், அவ்வளவுதான். இதில் தற்செயல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இதை இன்சிடென்டல் கேட்ச் என்றும் சொல்வார்கள்; அந்த இன்சிடென்டலை ஆக்சிடென்டல் என்று படித்ததால் வந்தது. முன்னது ஒன்றை ஒட்டி நேர்வது. எதிர்பாராதது என்ற பொருள் அதற்குக் கட்டாயமில்லை.

சூரைமீனுக்கு விடும் நெடுந்தூண்டிலில் ஒரே நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான கொக்கிகள். இரை மூழ்குமுன் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை அதை விழுங்கி, கொக்கியில் மாட்டி, கயிற்றோடு அமிழ்ந்து சாகும். ஆழத்துக்கு முங்கும் பெட்ரல் என்ற இன்னொரு கடற்பறவை இரையை மேலே கொண்டுவந்தால் அதைப் பறிக்கும் அல்பட்ராஸும் மாட்டும். இத்தனையும் முன்கூட்டியே தெரிந்தது.

தெரிந்ததால்தான் 2001இல் கான்பெராவில் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த அல்பட்ராஸ், பெட்ரல் பாதுகாப்பு உடன்படிக்கை (13 நாடுகள், 31 இனங்கள்) தன் பரிந்துரைகளில் கிராம் கணக்கில் பேசுகிறது: கொக்கியிலிருந்து அரை மீட்டருக்குள் குறைந்தது 40 கிராம் எடை, அல்லது ஒரு மீட்டருக்குள் 60, அல்லது இரண்டு மீட்டருக்குள் 80. எடை இதைவிடத் தள்ளியிருந்தால் இரை மெதுவாக மூழ்கி, மேல்மட்டத்தில் கூடுதல் நேரம் தங்கிவிடும். கூடவே, இருட்டில் மட்டும் கயிறு விட வேண்டும். கப்பலின் பின்னால் நாடாக்கள் தொங்கும் பறவை விரட்டுக் கயிறும் வேண்டும். நிலா வெளிச்சத்தில் இரவு மட்டும் காப்பாற்றாது என்பதால் மூன்றையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள். தற்செயலுக்கு யாராவது எடை நிறுத்துக் கட்டுவார்களா?

மற்ற ஆக்கங்களும் தேறவில்லை. ‘துணைப்பிடிப்பு’ என்றால் துணைவேந்தர் போல அடுத்த பதவியில் இருப்பது என்று தோன்றும். ‘பக்கப்பிடிப்பு’ தைலம் தேய்க்க வேண்டிய நோய். ‘கழிவுப்பிடிப்பு’ இன்னும் மோசம். அழியும் நிலையில் உள்ள பறவையைக் கழிவு என்பதா?

உடன்பிடிப்பு போதும். வேண்டுமென்றா, தெரியாமலா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை; மீனோடு சேர்ந்து வந்தது என்று மட்டும் சொல்கிறது. வினையாகவும் வளையும்: ‘உடன்பிடிபட்ட பறவைகள்’. ‘தற்செயலாகப் பிடிப்புக்கு உள்ளாக்கப்பட்ட பறவைகள்’ என்று இழுக்கத் தேவையில்லை. ஒரே அறிக்கையில் மூன்று பக்கத்துக்கு மூன்று சொல் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒன்றையாவது கடைசிப் பக்கம்வரை மாற்றாமல் எழுதட்டும்.