டபுள் கிளிக் செய்தால் எந்த மென்பொருள் திறக்கும்? யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு பிஎன்ஜி படத்தை எடுத்து, அதன் பெயரின் கடைசியில் இருக்கும் '.பிஎன்ஜி'யை மட்டும் நீக்கிவிட்டு டபுள் கிளிக் செய்து பாருங்கள். விண்டோஸ் தடுமாறி, எதைக் கொண்டு திறக்கட்டும் என்று உங்களிடமே கேட்கும். லினக்ஸ் மேசைச்சூழல்களோ பெரும்பாலும் கேள்வி கேட்காமல் படத்தைக் காட்டிவிடும். கோப்பு அதேதான், அதில் ஒரு பைட்டும் மாறவில்லை. இயங்குதளம் கோப்பின் வகையை எங்கே தேடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

விண்டோஸ் நம்புவது பெயரை. புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொண்டு, தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரிக்குள் போகும். '.டிஎக்ஸ்டி' என்ற பதிவு 'டிஎக்ஸ்டிஃபைல்' என்ற இன்னொரு பதிவைக் கைகாட்டும். அதனடியில் ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று படிப்படியாக இறங்கினால் நோட்பேடை இயக்கும் கட்டளை ஒற்றை வரியாக இருக்கும். அந்த வரியில் '%1' என்று இருக்கும் இடத்தில் நாம் கிளிக் செய்த கோப்பின் பாதை போய் உட்காரும். அவ்வளவுதான்.

எளிமையான ஏற்பாடு. ஆனால் பெயரை மட்டும் நம்பும் ஒரு முறை, அந்தப் பெயரையே பயனரிடமிருந்து மறைத்தால் என்ன ஆகும் என்பதை 2000 மே மாதம் உலகம் பார்த்தது. 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சலோடு வந்த இணைப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷனை மறைத்துவிட்டதால், பலர் கண்ணில் பட்டது '.டிஎக்ஸ்டி' மட்டுமே. வெறும் கடிதம்தானே என்று திறந்தார்கள். இயங்கியதோ ஒரு நிரல். எக்ஸ்டென்ஷனை மறைக்கும் வழக்கம் விண்டோஸில் இன்றும் இயல்புநிலையாகவே தொடர்கிறது. என்னைக் கேட்டால், புதுக் கணினி வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு இதுதான்.

இன்னொரு தொல்லையை மைக்ரோசாஃப்ட் ஓரளவு சரிசெய்தது. முன்பெல்லாம் புதிதாக நிறுவப்படும் எந்த மென்பொருளும் ரெஜிஸ்ட்ரியில் நுழைந்து, 'இனி எல்லாப் படங்களும் என்னிடம்தான் திறக்கும்' என்று எழுதிவிட்டுப் போகலாம். விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வு 'யூசர்சாய்ஸ்' என்ற தனிப் பதிவில், கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்புக் குறியான ஒரு ஹாஷோடு சேமிக்கப்படுகிறது. ஹாஷ் பொருந்தாவிட்டால் அந்த மாற்றத்தை விண்டோஸ் ஏற்பதில்லை.

1984இல் வந்த மெக்கின்டோஷ் வேறு வழியில் போனது. எனக்குப் பிடித்ததும் அதுதான். அங்கே பெயருக்கு எந்த வேலையும் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் நான்கெழுத்தில் ஒரு வகைக் குறியீடு, நான்கெழுத்தில் அதை உருவாக்கிய மென்பொருளின் குறியீடு என இரண்டையும் கோப்பு முறைமையே குறித்து வைத்திருந்தது. இதனால் இரண்டு உரைக் கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ஒவ்வொன்றும் தன்னை எழுதிய மென்பொருளிலேயே திறக்கும். சிக்கல் ஒன்றுதான்: கோப்பு வேறு வகைக் கணினிக்குப் போனால் இந்தக் குறிப்புகள் கூடவே போகாது, பெயர் மட்டும்தான் போகும். இணையம் பெருகியபோது பெயரே ஜெயித்தது. மேக் ஓஎஸ் எக்ஸும் எக்ஸ்டென்ஷனுக்கு வந்தது; 2009இன் ஸ்னோ லெப்பர்ட், உருவாக்கிய மென்பொருளின் குறியீட்டைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டது.

லினக்ஸ் முதலில் பெயரைத்தான் பார்க்கிறது. பெயர் உதவாதபோது கோப்பின் உள்ளே எட்டிப் பார்க்கிறது. பெரும்பாலான கோப்பு வகைகள் தங்கள் தொடக்கத்திலேயே ஓர் அடையாளத்தை வைத்திருக்கின்றன. அதற்கு மேஜிக் எண் என்று பெயர். பிடிஎஃப் கோப்பு '%பிடிஎஃப்-' என்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பிஎன்ஜியின் முதல் 8 பைட்டுகள் இன்னும் அழகானவை. முதல் பைட்டின் மதிப்பு 137. பைட்டுக்கு 7 பிட் மட்டுமே கடத்தும் பழைய இணைப்பு வழியே போனால் இது சிதையும், உடனே பழுது தெரிந்துவிடும். அடுத்த மூன்றும் வகையின் பெயரெழுத்துகள். அதன்பின் விண்டோஸ் பாணி வரிமுடிவு இரண்டு பைட்டில். பிறகு, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் திரையில் கோப்பைக் கொட்டுவதை நிறுத்தும் ஒரு குறி. கடைசியாக யூனிக்ஸ் பாணி வரிமுடிவு. வழியில் ஏதாவது மென்பொருள் வரிமுடிவுகளை மாற்றிக் கோப்பைக் கெடுத்திருந்தால், மீதியைப் படிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே பெயருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடும் இடத்தில் இந்த எட்டிப்பார்த்தல் மிகவும் உதவுகிறது. '.டிஎஸ்' என்றால் டைப்ஸ்கிரிப்ட் நிரலாகவும் இருக்கலாம், எம்பெக் வீடியோவாகவும் இருக்கலாம். அந்த வீடியோவிலோ 188 பைட்டுக்கு ஒருமுறை ஒரே மதிப்புள்ள பைட் திரும்பத் திரும்ப வரும். எழுதப்பட்ட நிரலில் அப்படி அமைய வாய்ப்பே இல்லை எனலாம்.

வகை தெரிந்ததும் அதற்கு 'இமேஜ்/பிஎன்ஜி' போன்ற மைம் பெயர் கிடைக்கிறது. மின்னஞ்சல் இணைப்புகளுக்காக 1992இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த முறை இது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் திறக்கத் தெரிந்த மைம் வகைகளைத் தன் '.டெஸ்க்டாப்' கோப்பில் அறிவிக்கும். பயனர் தேர்ந்தெடுத்தவை 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்ற கோப்பில் இருக்கும். ஹோம் ஃபோல்டருக்குள் '.கான்ஃபிக்' என்ற மறைவு ஃபோல்டரில் அதைப் பார்க்கலாம். பயனரின் பட்டியலுக்கே முதலிடம். அதில் விடை இல்லாவிட்டால்தான் கணினி முழுவதற்குமான பட்டியல்கள். எந்த வகையை எந்த மென்பொருள் திறக்கவே கூடாது என்றும் அதில் எழுதி வைக்கலாம். ஹாஷ் கிடையாது, ரகசியம் கிடையாது. யாரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய வெறும் உரைக் கோப்பு. தன் கணினியில் எது எதைத் திறக்கிறது என்பதைப் பயனர் கண்ணால் பார்க்க முடிவது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அந்த வெளிப்படைத்தன்மை எங்கே கைகொடுக்கும் என்றால், நிரல் எழுதும் எடிட்டர் ஒன்றை நிறுவியபின் சிலருக்கு ஃபோல்டர்கள்கூட அந்த எடிட்டரில் திறக்கத் தொடங்கும். லினக்ஸில் ஃபோல்டருக்கும் 'ஐநோட்/டைரக்டரி' என்று ஒரு மைம் வகை உண்டு. ஃபோல்டரையும் திறக்கத் தெரியும் என்று எடிட்டர் அறிவித்திருக்கும். பயனரின் பட்டியலில் அந்த வகைக்கு யார் பெயரும் இல்லாததால் வேலை அதன் கைக்குப் போயிருக்கும். 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' கோப்பில் இயல்புநிலை மென்பொருள்களுக்கான பகுதியில் 'ஐநோட்/டைரக்டரி' என்று எழுதி, சமக்குறி போட்டு, உங்கள் கோப்பு மேலாளரின் '.டெஸ்க்டாப்' பெயரைச் சேர்த்துவிட்டால் போதும், ஃபோல்டர்கள் பழையபடி திறக்கும்.