சவர்த் தண்ணியைக் கலக்குமுன் ஒரு கணக்கு

வைகாசி, ஆனியில் தோட்டக் கிணற்றுத் தண்ணி சவரேற (உப்புக் கரிக்க) தொடங்கினால், பக்கத்துக் காணியில் நல்ல தண்ணி கேட்டு வாங்கித் தொட்டியில் கலந்து இறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். “அரைவாசி அரைவாசி விட்டால் சவர் அடங்கீடும்தானே தம்பி?” என்பார்கள். அடங்காது ஐயா. இருந்த உப்பு கூடின தண்ணியில் பரவி நிற்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் பார்க்கலாம். ஒவ்வொரு தண்ணியின் அளவையும் அதன் ஈசி (தண்ணியின் மின்கடத்தல்; உப்புக் கூடக் கூடும்) அளவால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, மொத்தத் தண்ணியால் பிரியுங்கள். ஈசி மீற்றர் நல்ல கிணற்றில் 0.6, சவர்க் கிணற்றில் 3.0 காட்டுகிறது என்று வையுங்கள். (சில மீற்றர் 600, 3000 என்று காட்டும், ஆயிரத்தால் பிரித்துக்கொள்ளுங்கள்.) சரிபாதி கலந்தால் 1.8. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் அட்டவணைப்படி வெங்காயம் 0.8 வரை தாங்கும். 1.2 இல் விளைச்சலில் நூற்றுக்குப் பத்துப் போகும், 1.8 இல் கால்வாசி போகும்.

அந்த 1.8 கூடப் பலருக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் சொல்லும் ‘அரைவாசி’ நேரக் கணக்கு: இரண்டு கிணற்றிலும் தண்ணி இறைக்கிற மிஷின் ஒரு மணித்தியாலம் ஓடும். 20 லீற்றர் வாளியைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். நல்ல கிணற்று மிஷின் 8 செக்கனில் நிரப்ப, சவர்க் கிணற்று மிஷின் 4 செக்கனில் நிரப்பினால், தொட்டியில் விழுவது ஒன்றுக்கு இரண்டு பங்கு சவர். ஈசி 2.2! 1.2 இல் நிறுத்த வேண்டுமானால் நல்லது மூன்று பங்குக்குச் சவர் ஒன்று. அதே மிஷின்களில் நல்லது 60 நிமிடம், சவர் 10 நிமிடம்.

பீற்றூட்டும் வைத்திருப்பவருக்கு நான் கலக்கவே சொல்லமாட்டேன். பீற்றூட் 2.7 வரை சும்மா நிற்கும், 3.0 இலும் பெரிய நட்டமில்லை. சவரை அதற்கு விட்டு, நல்ல தண்ணியை வெங்காயத்துக்கு வையுங்கள்.

கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமே என்பவர்கள் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை நினைக்க வேண்டும்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல்தான் மிதக்கிறது. ஆழத் தோண்டினாலும் அடியொட்ட இறைத்தாலும் கீழிருப்பது மேலேறும். ஆகவே மாசியில் எடுத்த அளவை வைத்து ஆனியில் கணக்குப் போடாதீர்கள். ஒரே நாளில்கூட, மிஷின் போடுமுன் எடுத்ததும் மூன்று மணித்தியாலம் இறைத்தபின் எடுத்ததும் ஒத்துவராமல் போகலாம். இறைப்பு முடிகிற நேரத்து அளவைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.