சரிவுக்கு மேலே ஓடும் வடிகால்

ரயில் பாதையைத் தாங்கும் மண்கரை சரிந்தால் பழி மழை மேல் விழும். மண் பொறியாளராகச் சரிவுகளைப் பார்த்துவரும் நான் முதலில் தேடுவது தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதைத்தான்.

மண் துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறினால், அவை ஒன்றையொன்று பற்றி நிற்கும் உராய்வு குறையும். பிறகு சரிவு தன் எடையாலேயே நழுவும். பழைய பாதைகளில் இந்த ஆபத்து அதிகம். 19ஆம் நூற்றாண்டுக் கரைகள் பலவும் மண்ணை அப்படியே கொட்டி உயர்த்தியவை. அடுக்கடுக்காக இறுக்கும் வழக்கம் பின்னால்தான் வந்தது. பாதைக்காகக் களிமண் மேட்டைக் குடைந்து எடுத்த வெட்டுகளோ, தோண்டிப் பல பத்தாண்டுகள் கழித்தும் சரியும்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. கோடையில் களிமண் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழை அந்த வெடிப்பு வழியே நேராக உள்ளே இறங்கும். வெள்ளம் வடியும் நேரமும் மோசமானது. வெளியே கரையைத் தாங்கி நின்ற நீர் சட்டென்று இறங்கிவிடும், உள்ளே ஊறியது அவ்வளவு வேகமாக வெளியேறாது. 'தண்ணீர்தான் வடிந்துவிட்டதே, ரயிலை விடலாமே' என்ற நெருக்கடிக்கு நான் இணங்காதது இதனால்தான்.

ஸ்காட்லாந்தின் கார்மான்ட்டில் 2020 ஆகஸ்ட் 12 அன்று ரயில் தடம்புரண்டு 3 பேர் இறந்தார்கள். அன்று கனமழைதான். ஆனால் தண்டவாளத்தில் வந்து விழுந்தது, சரிவின் மேலே வடிகால் பள்ளத்தில் நிரப்பியிருந்த ஜல்லி. அந்த வடிகாலை வடிவமைப்பின்படி கட்டவில்லை என்றும், வடிவமைப்பில் இல்லாத ஒரு மண்வரப்பு பெருநீரை ஒரே இடத்துக்குத் திருப்பிவிட்டது என்றும் விசாரணை கண்டது. பாதுகாப்புக்குக் கட்டியதே பாதையை மூடியது.

மண்ணில் கம்பிகளை இறக்கிப் பிணைப்பது, கம்பிவலைக் கூடைகளில் கல் அடுக்குவது எல்லாம் பயன்படும், செலவும் பிடிக்கும். வடிகால் அடைத்துக் கிடந்தால் அவையும் அதிக நாள் தாங்காது. மரங்களைப் பற்றி ஒரே விதி சொல்ல முடியாது. பெரிய மரம் கோடையில் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பாதையைத் தாழ்த்தும்; மொத்தமாக வெட்டினால் மண்ணில் ஈரம் ஏறிச் சரிவு பலவீனப்படும்.

பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் வயல்நீரையோ கூரைநீரையோ வெட்டுப் பக்கம் திருப்பாதீர்கள், மேல்வடிகாலில் குப்பை கொட்டாதீர்கள். கரையுச்சியில் நீளவாக்கில் வெடிப்பு, அடிவாரத்தில் புடைப்பு, புதிதாகச் சாய்ந்த கம்பம், கலங்கலாகக் கசியும் நீர் இவற்றில் எதைக் கண்டாலும் பாதைக்குள் இறங்காமல் உடனே ரயில்வேயின் அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும்.